எத்தனை அடி

கடையில் என் வேலை வயர் அளந்து வெட்டுவது.
இருபத்தாறு வருடம்.
கவுன்டருக்கு வருகிறவரிடம் முதல் கேள்வி
எப்போதும் ஒன்றுதான்:
எத்தனை அடி?

பிப்ரவரியில் ஜூரிக் கடிதம் வந்தது.
ஒக்லஹோமா மாநிலம் எதிர் லாய்ட் ஹாஸ்கெட்.
லாய்டைத் தெரியாது, அவன் ட்ரக்கைத் தெரியும் என்றேன்.
பரவாயில்லை என்று ஏழாம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.
வெளியே கோதுமைப் பயிர்மேல் உறைபனி.
உள்ளே பழைய ஹீட்டர்
யாரோ பேச வாயெடுப்பதுபோல்
கனைத்துக்கொண்டே இருந்தது.

பையன் பெயர் கோல்பி. எட்டு வயது.
அவன் செய்தது:
அந்த ட்ரக்கின் கதவில்
ஆணியால் ஒரு குதிரை கீறினான்.
குதிரைக்கு மூன்று கால்.
நான்காவதைக் கீறுமுன்
அப்பா வந்துவிட்டார்.

பெற்றவருக்கு உரிமை உண்டு,
நியாயமான அளவுக்கு, என்று
சட்டத்தைப் படித்தார் நீதிபதி.
எனக்கு அங்குலம் தெரியும், பவுண்டு தெரியும், காலன் தெரியும்.
எங்கள் கடைத் தராசுக்கு வருடா வருடம்
அதிகாரி வந்து முத்திரை குத்திப் போகிறார்.
நியாயத்துக்கு எந்தத் தராசு,
யார் முத்திரை?

அடிக்கிற கைதானே அணைக்கும் என்றார்
லாய்டின் வக்கீல்.
அடி வாங்காமல் வளர்ந்தவர்
இந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது உண்டா என்றார்.
சிரித்தோம்.
நானும் சிரித்தேன்.
என் அப்பாவின் பெல்ட் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும்.
கெட்டா போய்விட்டேன்?

பள்ளி நர்ஸ் மார்வா டீக் சாட்சிக் கூண்டேறினாள்.
"அணைக்கப் போனேன்,
முதுகில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை."
அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு படங்களைக் காட்டினார்கள்.

தழும்புக்குப் பக்கத்தில்
அளவுக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல்.
பள்ளி திறக்கும்போது நாங்கள் இலவசமாகக் கொடுப்பது.
கடைப் பெயர் பச்சை எழுத்தில்
தெளிவாகத் தெரிந்தது.
காயத்தின் முனை வளைந்திருந்தது, கொண்டை ஊசிபோல்.
நிபுணர் சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.
இரண்டாய் மடித்த வயர்.
பதினாறு கேஜ், ஆரஞ்சு உறை, வெளிப்புற உபயோகத்துக்கு.
நான் வெட்டிக் கொடுத்ததாக இருக்கலாம்.
கேட்டிருப்பேன்,
சிரித்த முகத்தோடு கேட்டிருப்பேன்
எத்தனை அடி என்று.

பையனை டிவித் திரையில் காட்டினார்கள்.
வேறெங்கோ ஓர் அறை, மேஜையில் ஜூஸ் பெட்டி.
எத்தனை முறை என்று கேட்டாள் ஒரு பெண்.
"நான்தான் சத்தமாக எண்ணணும்.
தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து.
பதினொன்றுக்கு அப்புறம்
எனக்கு எப்பவும் தப்பிடும்."

ஜூரி அறையில் கசந்த காப்பி.
மூன்று என்றால் கண்டிப்பு, முப்பது என்றால் குற்றம்,
நடுவில் கோடு எங்கே என்றார் பர்விஸ்;
மாட்டுப் பண்ணைக்காரர், கெட்டவரில்லை.
நான் கன்றுகளையே வயரால் அடித்ததில்லை என்று
அவரே பிறகு முணுமுணுத்தார்.
திருமதி ரெயின்வாட்டர் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தார்.

பென்சிலை எடுத்தேன்.
என் மகன் வேட் நினைவுக்கு வந்தான்.
வயது நாற்பது, டென்வரில் இருக்கிறான்.
கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான், நான்கு நிமிடம்.
அந்த வருடம் கடையின் மர அளவுகோல் ஒன்று
இரண்டாக உடைந்தது.
விழுந்து உடைந்தது என்றுதான்
மனைவியிடம் சொன்னேன்.
அவள் விளக்குமாற்றை எடுத்துச்
சிம்புகளைக் கூட்டினாள்.
கேட்கவில்லை.

கோடு எங்கே என்று தெரியாமல்
அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான்
குற்றவாளி என்று எழுதினேன்.
பன்னிரண்டு சீட்டிலும் அதேதான் இருந்தது.

திங்கட்கிழமை கடை.
தோட்ட விளக்குக்கு வயர் வேண்டும் என்றாள் ஒருத்தி.
நான் கேட்குமுன்பே
பதினைந்து என்றாள்.
சுருளை இழுத்து மேஜை விளிம்பின் பித்தளைக் குறிகளில்
வைத்து வைத்து எண்ணினேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
என்ன ஆச்சு என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.